எறும்பு வராத மாடி வீடு

இதில் இட்டுக்கட்டியது ஒரு வரிகூட இல்லை. நம்பாதவர்கள் நம்பவேண்டாம், நான் யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் ஒன்று. இது நடந்தது நள்ளிரவில் அல்ல. வெயில் கொளுத்தும் பிற்பகலில், ஆள்நடமாட்டம் நிறைந்த தெருவில் நடந்தது. இருட்டில் கண் ஏமாந்துவிட்டது என்று தள்ளிவிட முடியாது. அனுபவித்தவள் வாயாலேயே கேட்டேன். சிறுவயதில் என்னிடம் படித்தவள். அடி வாங்கினாலும் வாங்குவாளேயொழியப் பொய் சொல்லமாட்டாள். அவள் வீட்டு வாசலில் இருக்கும் சர்க்கரைத் தட்டையும் நேரில் பார்த்துவிட்டு வந்தேன். அந்தத் தட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அவளுக்கு ஒரு பேக்கரியில் வேலை. கேக்கின்மேல் ஐசிங்கால் பூப்போடுவாள், பெயர் எழுதுவாள். ஐசிங் நிரப்பிய கோனைப் பிடித்துக் கையை ஒரு சுழற்றுச் சுழற்றினால் ரோஜா மலர்ந்துவிடும். உடம்பெல்லாம் இனிப்பு வாசனை. உடையெல்லாம் இனிப்பு வாசனை. அதனால் பேக்கரியில் அனைவரும் அவளைச் 'சீனி' என்றே அழைத்தார்கள். நாமும் அப்படியே அழைப்போம். கணவன் லாரி ஓட்டுபவன்; வீட்டில் தங்கும் நாள் குறைவு. ஒரே மகள், ஒன்றாம் வகுப்பு. அந்தக் குழந்தைக்கு மூச்சிழுப்பு நோய்.

முன்பு குடியிருந்த வீட்டில், குளியலறைக் குழாய் சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் வழியே கரப்பான்பூச்சிகள் சாரைசாரையாக வரும். சீனியின் வேலை உடைகளைத் தேடி எறும்பு வரிசை கட்டும். கரப்பான் இருந்தால் குழந்தைக்கு இழுப்பு. மருந்தடித்தால் அதைவிட இழுப்பு. "இரண்டுமே ஆகாதும்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓட்டையை அடைத்துத் தாருங்கள் என்று சீனி நடையாய் நடந்தாள். வீட்டுக்காரர் சிரித்தார்.

"சர்க்கரையை உடம்புல பூசிக்கிட்டு வந்தா, எறும்பு வராம யானையா வரும்?"

சுவர் யாருடையது? குழாய் யாருடையது? அப்படியானால் ஓட்டை யாருடையது? வாடகை வாங்கும்போது வீடு அவருடையது. ஓட்டையை அடைக்கச் சொன்னால் மட்டும் வீடு நம்முடையது! இந்தக் கணக்கை எந்தப் பள்ளியில் கற்றுக்கொண்டு வருகிறார்களோ, எனக்குத் தெரியாது.

அந்த நேரத்தில் கைகொடுத்தவர் சீனியின் பெரியப்பா. தந்தையை இழந்தவளைப் படிக்கவைத்து, முன்நின்று திருமணமும் செய்துவைத்தவர். அவருடைய வீட்டு மாடி பல மாதங்களாகப் பூட்டிக் கிடந்தது.

"வந்துடு கண்ணு. அந்த மாடியில ஒரே ஒரு எறும்பைப் பார்த்தேன்னு சொல்லு, என் காதை அறுத்து வைக்கிறேன்."

"மருந்து அடிப்பீங்களா பெரியப்பா? பாப்பாவுக்கு ஆகாது."

"நான் மருந்தைக் கையால தொட்டதே இல்லம்மா."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கொடுமையே அதுதான்.

சொந்தமாக இருந்தாலும் ஒப்பந்தம் ஒப்பந்தமாக இருக்கவேண்டும் என்றார். தாமே படித்துக் காட்டினார். அதில் ஒரு விதி: 'எறும்பு, பூச்சி, எலி ஆகியவற்றை ஒழிக்கும் பொறுப்பு, வீட்டைக் காலிசெய்யும் வரை, குடியிருப்பவரையே சாரும்.'

"எறும்பே வராத வீட்டுக்கு இது எதுக்கு?" என்று சீனி சிரித்தாள்.

"எல்லாருக்கும் போடுறதும்மா. சும்மா ஒரு கையெழுத்து."

போட்டாள்.

பேக்கரி வேலை முடிந்து அவள் திரும்ப மாலை நான்கு மணி ஆகும். குழந்தைக்கு நண்பகலோடு பள்ளி முடிந்துவிடும். பெரியப்பாவே போய் அழைத்துவந்து, தம் கையால் சோறூட்டி, மாடியில் படுக்கவைத்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவார். "நான் கீழதானே இருக்கேன். நீ நிம்மதியா வேலையைப் பாரு" என்றார். பெற்ற தந்தை இருந்தால்கூட இவ்வளவு செய்வாரா என்று சீனி தன் கணவனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

வீடும் அவர் சொன்னபடியே இருந்தது. ஐசிங் ஒட்டிய உடைகளைப் பையோடு மூலையில் போட்டாள். மறுநாள் எடுத்துப் பார்த்தாள். ஓர் எறும்புகூட இல்லை. சர்க்கரைப் பாகு தரையில் சிந்தியது; துடைக்க மறந்துவிட்டாள். அது அப்படியே காய்ந்து கண்ணாடிபோல ஒட்டிக்கிடந்தது. முதல் சில வாரங்கள் அவளுக்கு அது சொர்க்கம்.

பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. எறும்பு இல்லை, சரி. சிலந்தியும் இல்லை. பல்லி இல்லை. ஈ இல்லை. பழத்தை வெட்டித் திறந்தே வைத்தாலும் அதைச் சுற்ற ஒரு கொசுகூட வருவதில்லை. இரவில் விளக்கைத் தேடி வரும் விட்டில்கள், சன்னலுக்கு வெளியே ஒரு முழ தூரத்தில் நின்றுவிடும். திறந்த சன்னல்தான். உள்ளே வரா.

ஒருநாள் மாடிப்படியில் எறும்பு வரிசை ஒன்றைக் குழந்தை காட்டினாள். அது படிப்படியாக ஏறி, அவர்கள் வீட்டு வாசற்படி வரை வந்தது. முன்னே வந்த எறும்பு நின்றது. திரும்பியது. பின்னால் வந்தவையும் அதே இடத்தில் நின்று திரும்பின.

"எறும்புக்கு நம்ம வீட்டைப் பார்த்தா பயம்மா" என்றாள் குழந்தை.

சீனி சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஏனென்றால், குழந்தைக்கு இழுப்பு குறையவில்லை. கூடியது. பழைய வீட்டில் மாதம் ஒருமுறை வந்தது, இங்கே நாள்தோறும் வந்தது. மாலையில் சீனி வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் மண்ணெண்ணெய் கலந்த மருந்து வாடை மூக்கில் ஏறும். சன்னலைத் திறந்து வைத்தால் சிறிது நேரத்தில் போய்விடும். குழந்தையின் நெஞ்சு மட்டும் இரவெல்லாம் விசிலடிக்கும். "வீட்டுல மருந்து அடிக்கிறீங்களா?" என்று டாக்டர் கடிந்துகொண்டார். "இப்படியே போனா ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள மூச்சு நின்னுடும். விளையாட்டு இல்ல."

நேரே பெரியப்பாவிடம் போனாள்.

"மத்தியானம் மேல வந்து மருந்து அடிக்கிறீங்களா? உண்மையைச் சொல்லிடுங்க."

"பாப்பாவைப் படுக்கவெச்சுட்டு எறங்கினா, சாயங்காலம் வரைக்கும் நான் மாடிப்படியே மிதிக்கமாட்டேன் கண்ணு. உன் அப்பன்மேல சத்தியம்."

அவர் கண்கள் கலங்கின. சீனி வெட்கிப்போனாள். வளர்த்தவரையே சந்தேகப்பட்டுவிட்டோமே என்று அவருடைய காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டாள். அவர் அவளுடைய தலையைத் தடவிக்கொடுத்தார்.

அன்றிரவு குழந்தை சொன்னாள்.

"தாத்தா இல்லம்மா. அந்த அத்தைதான் அடிக்கிறாங்க."

"எந்த அத்தை?"

"தெரியல. நான் படுத்திருப்பேன்ல. 'காலைத் தூக்கும்மா'ன்னு சொல்லுவாங்க. தூக்குவேன். கட்டிலுக்குக் கீழ அடிச்சிட்டுப் போயிடுவாங்க."

"யாருன்னு பார்க்கலையா நீ? பயமா இல்லையா?"

"எதுக்குப் பயம்? பாவம், அவங்களுக்கும் இழுப்பும்மா. என்னை மாதிரியே மூச்சு விடுவாங்க."

சீனிக்கு அச்சம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பெரியப்பாவுக்குத் தெரியாமல் யாரோ மாற்றுச்சாவி வைத்திருக்கிறாள் என்று நினைத்தாள். மறுநாள் வேலையிலிருந்து முன்கூட்டியே புறப்பட்டாள். பெரியப்பா கீழே நாற்காலியில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். ஓசைப்படாமல் மாடி ஏறினாள். கதவை உள்ளே தாழிட்டாள். குளியலறையைப் பார்த்தாள். பீரோவைத் திறந்து பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். யாரும் இல்லை.

குழந்தை ஒருக்களித்துப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தாள். சீனி அவளுக்கு அருகில், கட்டிலின் விளிம்பில், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். வரட்டும். கையும் களவுமாகப் பிடிக்கிறேன்.

தெருவில் பழைய பேப்பர்க்காரர் கூவிக்கொண்டு போனார். எங்கோ குழாயில் தண்ணீர் விழுந்தது. சுவர்க் கடிகாரம் மூன்றேகாலைக் காட்டியது.

தெருச் சத்தம் நின்றது.

குறையவில்லை, நின்றது. காதில் பஞ்சை அடைத்ததுபோல.

பிறகு, சமையலறைப் பக்கமிருந்து...

டக்... டக்... ஸ்ஸ்ஸ்.

கைப்பம்பின் ஓசை. காற்றை அடைத்துவிட்டு மருந்தை விடும் ஓசை.

டக்... டக்... ஸ்ஸ்ஸ்.

"யாரு?" என்றாள் சீனி.

சமையலறை வாசலில், சுவர் தரையைத் தொடும் இடத்தில், ஈரக்கோடு ஒன்று தோன்றியது. கோடு வளர்ந்தது. சுவரோரமாகவே வந்தது. ஒரு விரல் அளவும் விலகாமல், பழகிய கை அடிப்பதுபோல, நேராக வந்தது.

அடிப்பதற்கு ஆள் இல்லை.

கூடவே மூச்சு. ஹீ... ஹீ... என்று நெஞ்சு அடைத்த மூச்சு. குழந்தையின் மூச்சு என்று நினைத்துத் திரும்பினாள்.

குழந்தை அமைதியாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.

டக்... டக்... ஸ்ஸ்ஸ்.

கோடு பீரோவைச் சுற்றியது. கட்டிலை நோக்கித் திரும்பியது.

உறக்கத்திலேயே குழந்தை இரண்டு கால்களையும் தூக்கினாள்.

ஹீ... ஹீ... மிக அருகில். சீனியின் முழங்காலுக்கு அருகில்.

"காலைத் தூக்கும்மா..."

பணிவான குரல். வேலை நடுவே கேட்கும் குரல்.

சீனி காலைத் தூக்கினாள்.

ஈரம் அடியில் போனது. நின்றது. திரும்பி வந்தது.

மோப்பம் பிடிப்பதுபோல்... ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு.

அவளுடைய வலக்கையருகே.

ஐசிங் வாசனை வீசும் கை.

டக்... டக்...

ஸ்ஸ்ஸ்.

உள்ளங்கை சில்லென்று நனைந்தது.

குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு அவள் எப்படித் தாழைத் திறந்தாள், எப்படிப் படி இறங்கினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. கீழே பெரியப்பா விழித்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். சொட்டிக்கொண்டிருந்த அவளுடைய கையைப் பார்த்தார். 'என்ன ஆயிற்று' என்று கேட்கவில்லை.

"மூணேகாலுக்கு மாடியில எதுக்கும்மா இருந்தே?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் சீனிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்."

அவர் கையைத் துடைக்கத் துண்டை நீட்டினார்.

"யாரு பெரியப்பா அது?"

"முன்னாடி குடியிருந்தவ. தையல்காரி. ஆள் நல்லவதான், உக்காரு, சொல்றேன்."

சீனி உட்காரவில்லை. அவர் சொன்னார். தையல்காரி தனியாக இருந்தவள். பீரோ நிற்கும் சுவரில் குழாய் ஓட்டை ஒன்று உண்டு. அதன் வழியே கரப்பானும் எலியும் வந்து, தைத்து வைத்த துணிகளை நாசம் செய்தன. ஓட்டையை அடைத்துத் தரும்படி கேட்டுக்கொண்டே இருந்தாள். இவர் அந்த விதியைக் காட்டினார். கையெழுத்துப் போட்டவள் அவள்தானே? அவள் கிடைத்த மருந்தை வாங்கி, நாள்தோறும் பிற்பகலில், துணியில் தூசு படியாமலிருக்கச் சன்னல்களை அடைத்துவிட்டுத் தானே அடித்தாள். நெஞ்சில் இழுப்பு வந்தது. அப்போதும் அடித்தாள். ஒருநாள் பிற்பகல் அடிக்கப் போனவள் கதவைத் திறக்கவில்லை.

"அப்புறமும் விடாம செய்யுறா. காலி பண்ற வரைக்கும் அவ பொறுப்புன்னு எழுதியிருக்குல்ல? அவ காலி பண்ணவே இல்லையே" என்றார் பெரியப்பா. அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது என்று சீனி சொல்கிறாள்.

"ஓட்டையை?"

"என்ன ஓட்டை?"

"அந்த ஓட்டையை அப்பவாவது அடைச்சீங்களா?"

"எதுக்கு அடைக்கணும்? இப்பதான் ஒண்ணும் வர்றதில்லையே."

"பாப்பாவுக்கு இழுப்புன்னு தெரியும். தெரிஞ்சும் தினமும் உங்க கையால சோறூட்டி, அங்கேயே படுக்கவெச்சீங்க."

"வெளியாளுங்க நிக்கமாட்டேங்குறாங்கம்மா. நீ சொந்தம். கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் பொறுத்துப்பேன்னு நெனச்சேன்."

அவள் திருமணத்தன்று, தந்தையின் இடத்தில் நின்று அழுத மனிதர் அவர்.

அன்று மாலையே வெளியேறினாள். ஊரின் மறுகோடியில் வேறு வீடு பார்த்தார்கள். அங்கே வீட்டுக்காரர், கேட்பதற்கு முன்பே சிமென்டைக் குழைத்துக் குழாய் ஓட்டையை அடைத்துக் கொடுத்தார். அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள். குழந்தைக்கு இழுப்பு மட்டுப்பட்டது. சீனியின் கணவன் சாமான்களை எடுக்கப் போனபோது, காலிசெய்ததாக எழுதி, ஒப்பந்தத்தைக் கிழித்துவிடச் சொல்லிக் கேட்டான்.

"இருக்கட்டும் மாப்பிள்ளை. சொந்தத்துக்குள்ள என்ன அவசரம்?" என்றாராம் பெரியப்பா. இவனும் சாமான்களோடு திரும்பிவிட்டான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில மாதங்கள் சென்றன. பேக்கரியில் ஓவன்காரர் அவளைக் கேலி செய்யத் தொடங்கினார். "என்ன சீனி, தினமும் மத்தியானமானா கோனைப் பிடிச்சிக்கிட்டு நின்னபடியே தூங்குறே? வீட்டுல கட்டில் இல்லையா?" அவளுக்கு நினைவில்லை. கேக் பாதியில் நிற்கும். கோன் கையில் இருக்கும். அவ்வளவுதான். பேக்கரி மாஸ்டருக்கோ பெருமகிழ்ச்சி. "இத்தனை வருஷமா எறும்போட மல்லுக்கட்டினேன். இப்ப ஒண்ணையும் காணோம். உன் ராசிதான் போ!"

ஒருநாள் காலை, மகளின் பிறந்தநாளுக்குக் கேக் சொல்ல ஒரு பெண் வந்தாள். சீனியையே உற்றுப் பார்த்தாள். அவளுடைய மூக்கு விடைத்தது.

"நீங்க... அந்த மாடி வீட்டுல முன்னாடி இருந்தவங்களா?"

"ஆமா. ஏன்?"

"நாங்க இப்ப அங்கதான் இருக்கோம். தப்பா நெனச்சுக்காதீங்க. சாவி ஏதாவது உங்ககிட்ட இருக்கா?"

"இல்லையே."

"மத்தியானத்துல ரெண்டு பேர் மருந்து அடிக்கிற சத்தம் கேக்குது. ஆளு தெரியல. ஒருத்தங்களுக்கு இழுப்பு இருக்கும்போல. இன்னொருத்தங்க..." அவள் தயங்கினாள். "இன்னொருத்தங்க மேல கேக் வாசனை வருதுன்னு என் பொண்ணு சொல்றா."

சீனியின் கையிலிருந்து கோன் விழுந்தது.

அடுத்த விடுமுறை நாளில் அவள் வீட்டிலேயே இருந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உறங்கக்கூடாது என்று உறுதியாக இருந்தாள்.

கண்விழித்தபோது நின்றுகொண்டிருந்தாள்.

குழந்தை கட்டிலில் கிடந்தாள். உறங்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சு விசிலடித்தது.

சீனியின் வலக்கை நனைந்திருந்தது. மண்ணெண்ணெய் வாடை.

உறங்கும் குழந்தையின் இரண்டு கால்களும்... மேலே தூக்கியிருந்தன.

பெரியப்பா கதவைத் திறக்கவில்லை. ஒப்பந்தத்தைத் திரும்பக் கேட்டுச் சீனியின் கணவன் இரண்டுமுறை போய்த் தட்டினான். சன்னல் வழியாக மட்டும் பேசினார். எந்த ஒப்பந்தம் என்று கேட்டார். காகிதப்படி சீனி இன்னும் காலிசெய்யவில்லை.

குழந்தை இப்போது நாத்தனார் வீட்டில் வளர்கிறாள். இழுப்பு இல்லை, ஓடியாடி விளையாடுகிறாள். சீனி நாத்தனாரின் தெருப்பக்கமே போவதில்லை. தொலைபேசியில் மட்டும் பேசுகிறாள். "எப்பம்மா வந்து கூட்டிட்டுப் போவே?" என்று குழந்தை கேட்கிறாள். "ஒரு எறும்பு வரட்டும் கண்ணு" என்கிறாள் இவள்.

போன வாரம் நான் போயிருந்தபோது அந்தத் தட்டைப் பார்த்தேன். வாசற்படியில், நிலைக்கு உட்புறம் வைத்திருக்கிறாள். தட்டு நிறையச் சர்க்கரை. படிக்கு வெளியே ஓர் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. நான் குனிந்து பார்த்தேன். முன்னே வந்தது தட்டை நோக்கித் திரும்பியது.

சீனி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

எறும்பு படியில் ஏறியது. நின்றது. திரும்பிப் போய்விட்டது.